ஒரு தடவை நடந்து வாருங்கள் மதினி

கீரமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சொர்ணவல்லி மதினிக்கு, பரிமளா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமா? போனில் பேசினால் பக்கத்தில் படுத்திருக்கும் உங்கள் தம்பி காதில் விழுந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன். எதிர்வீட்டு சார்லஸ் திருப்பூர் வருகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீங்கள் கொடுத்த கிட்னி நன்றாக வேலை செய்கிறது. போன வாரம் திருச்சியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரே சொன்னார். ஆனால் உங்கள் தம்பியின் கால்களைத் தொட்டுப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது. தசையெல்லாம் கரைந்து கிடக்கிறது, இப்படியே படுத்திருந்தால் நெஞ்சில் சளி கட்டிக் கிருமி தொற்றிவிடும், அப்புறம் கிட்னி நன்றாக இருந்து என்ன பயன் என்று கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் எல்லாம் சரியாகத்தான் சொல்லி அனுப்பினார். மூச்சை இழுத்து விடுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தெருவில் மெதுவாக நடப்பது. வீட்டுக்கு வந்த புதிதில் உங்கள் தம்பி எல்லாம் செய்தார். பழையபடி பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கப் போறேன் பாரு என்று சிரித்தார். ஒருநாள் தெருக்குழாய்ப் பக்கத்தில் முழங்கால் மடங்கி விழுந்துவிட்டார். ஸ்கேன் எடுத்தோம், ஒன்றும் இல்லை. ஆனால் அன்றோடு சரி. கிட்னி வைத்த அடிவயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு படுத்தவர்தான். பாத்ரூமுக்குக்கூட நான் தாங்கித்தான் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. சோற்றைக் கூடத்தில் வைத்துவிட்டு, சாப்பிடணும்னா எந்திரிச்சு வாங்க என்று சொல்லிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாத்திரை நேரம் தாண்டிவிடுமே என்று பயந்து நானே தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். காலைப் பிடித்து அழுதேன். அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"அக்கா ஆஸ்பத்திரியை விட்டுப் போனப்ப சொவத்தைப் பிடிச்சுக்கிட்டுல்ல நடந்துச்சு. அதுக்கப்புறம் இங்கிட்டு வரவே இல்லை. நடக்க முடியலை போல, என்கிட்ட மறைக்குது. அது ஒடம்பைக் கெடுத்துக்கிட்டுக் குடுத்ததை நான் விழுந்து ஒடைச்சிட்டா என்ன செய்யிறது?" என்றார்.

மதினி நல்லா இருக்காங்க, மில்லுக்குப் போறாங்க என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். நம்பவில்லை. செய்த பிறகு எனக்கே பயமாகிவிட்டது. நானும் உங்களைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! போனில்கூட இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள்.

ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். வாசலில் இருந்து கட்டில் வரைக்கும் அவர் கண்ணெதிரே நடந்து வாருங்கள், அது போதும். அவருடைய வீணாய்ப் போன கால் பலத்தைத் திரும்பக் கொண்டுவர என்னால் மட்டும் முடியவில்லை. அண்ணன் விடமாட்டேன் என்றால் நான் வந்து அவரைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒருவேளை உங்கள் தம்பி நினைப்பதுதான் நிஜம், உங்களாலும் முடியவில்லை என்றால், அப்போதும் வாருங்கள் மதினி. மறைக்க வேண்டாம். வண்டி வைத்து நானே வந்து கூட்டி வருகிறேன். இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இந்தத் தெருவில் நடத்திவிடுகிறேன்.

உங்களை எதிர்பார்த்திருக்கும்,
பரிமளா