ஃப்ரேடலின் கூடாரத்தில் வகுப்பு

அன்புள்ள அம்மா, முழங்கால் வலி குறைந்ததா? கோழிகள் முட்டை இடுகின்றனவா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் புரூக்ளின் யூதப் பள்ளியில் பேச்சு வராத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைத் தனியார் கம்பெனியிடம் விட்டுவிட்டார்கள். பிள்ளையோடு உட்காரும் நேரத்துக்குத்தான் சம்பளம். யூதர்கள் வாசலில் தழைக்கூரைக் கூடாரம் போட்டு ஒரு வாரம் அதில் சாப்பிடும் கூடாரப் பண்டிகைக்குப் பள்ளியைப் பூட்டியதும் வாடகைக்கு என்ன செய்வேன் என்று பயந்தேன். என் மாணவி ஃப்ரேடலின் அம்மா, "பண்டிகையோட நடு நாள்ல வேலை செய்யலாம், எங்க கூடாரத்துக்கே வந்து சொல்லிக்குடு" என்றாள்.

கம்பெனி மேற்பார்வைக்காரி வந்து பார்த்தாள். "கூரையில வானம் தெரியுதே, இது வகுப்பறையா?"

"தழை வழியா வானம் தெரியணும்கிறதுதான் எங்க முறை, தெரியலேன்னாதாம்மா தப்பு. உக்காந்து சாப்பிடு" என்றாள் ஃப்ரேடலின் அம்மா.

சாப்பிட்டுவிட்டுச் சம்பளத்துக்கும் சரி சொல்லிவிட்டாள்.

இங்கே சூப்பில் காரமே இல்லை. உங்கள் மசாலாப் பொடி அனுப்புங்கள், கூடவே நாலு வரியும். பள்ளி திறந்துவிட்டது, வகுப்பிலிருந்துதான் எழுதுகிறேன். அம்மா, ஃப்ரேடல் "டீச்சர்" என்று கூப்பிடுகிறாள், இதுவரை அவள் வாயில் ஒரு சொல்கூட வந்ததில்லை, இதோ மறுபடியும் கூப்பிடு—