ஒரே ஒரு விதி

ஞாயிறு, திண்டிவனம்.

நியூட்ரினோ என்ற நுண்துகளும் அதன் எதிர்த்துகளும் ஒரே மாதிரி உருமாறுகின்றனவா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டும் வேறுபட்டால், பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருளோடு மோதி அழிந்துபோகாமல் பொருள் ஏன் மிஞ்சியது என்பதற்கே துப்புக் கிடைக்கும். கருவியில் பதிவானவற்றில் எந்த நிகழ்வைச் சேர்ப்பது, எதைத் தள்ளுவது என்று முதலில் விதி எழுதிவிட்டுத்தான் தரவைத் திறப்போம். வெள்ளிக்கிழமை திறந்தோம். வித்தியாசம் இருக்கிறதென்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

இன்று காலை என் கைடு போன் செய்தார். "ஒரே ஒரு விதியைத் தளர்த்தும்மா. வித்தியாசம் பளிச்சுனு தெரியும்."

முடியாது என்றேன். வைத்துவிட்டார்.

வேர்க்கடலையை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டையை, மூட்டை கட்டிக்கொண்டிருந்த அப்பா ஸ்பீக்கரில் வந்ததைக் கேட்டுவிட்டார். "பெரியவரு சொல்றாரு, மாத்திக் குடுத்துட்டுப் போயேன். எதுக்கு பேஜாரு?"

"நீ மூட்டை வாயில மட்டும் நல்ல மல்லாட்டையா பாத்து வைப்பியாப்பா?"

"ஊரே வச்சிக்கினுதான் இருக்குது," என்றார் கூசாமல்.

"அதான் வியாபாரி அடி வரைக்கும் கைய விடறான்."

அப்பா கோணி ஊசியைத் தேட ஆரம்பித்தார்.

ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கைடு மிரட்டலாம். போடாமலே இருக்கட்டும். வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் எழுதுவேன். என் மூட்டையில் யார் வேண்டுமானாலும் அடிவரை கையை விட்டுப் பார்க்கட்டும்.