ரெண்டு இல்லாத கட்டு

என் அன்பு மச்சான்,

உன் மகன் சுதன் இன்னும் கரைக்கு வரவில்லை. நேற்றுப் பின்னேரம் வாகரையில் வள்ளம் இறக்கியவன் விடியத் திரும்பியிருக்க வேண்டும். இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கடல் குழம்பிக் கிடக்கிறது. தேடிப் போன வள்ளங்களையும் காணவில்லை.

உன் பெண்சாதி, என் தங்கச்சி, என்ன செய்கிறாள் தெரியுமா? உன் சீட்டுக்கட்டை விறாந்தையில் பரப்பி வைத்திருக்கிறாள். யாருடைய வள்ளம் பிந்தினாலும், "இது சரிவந்தா அவனும் வந்திருவான்" என்று நீ தனியாக இருந்து அடுக்குவாயே, அதே ஆட்டம்.

இந்த ஆட்டத்தைத் தீவில் சிறை கிடந்த பிரெஞ்சுப் பேரரசன் ஒருவன் கண்டுபிடித்தான் என்று என்னோடு எத்தனை தரம் மல்லுக்கட்டினாய்! சுத்தப் புளுகு மச்சான். தேடி வாசித்தேன். அவன் தீவுக்குப் போகுமுன்னரே ஜெர்மன்காரர் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். யார் தொடங்கியதென்று ஒருவருக்கும் தெரியாது. குறி பார்க்கத்தான் முதலில் இப்படி அடுக்கியிருப்பார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இதை உனக்குச் சொல்லிச் சிரிக்க இருந்தேன். இன்று சிரிப்பு வரவில்லை.

ஆசுக்கு மேல் ரெண்டு, மூன்று என்று ஏற வேண்டிய ஆட்டம் அல்லவா?

"அண்ணா, ஆசு எல்லாம் வந்திட்டு. ஒரு ரெண்டும் வருகுதில்ல. அவன் வரமாட்டானா?"

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. உன் செத்தவீட்டில் கண்விழித்திருந்து நாங்கள் முன்னூற்றுநாலு விளையாடியது இந்தக் கட்டில்தான். அதற்கு ரெண்டு முதல் ஆறு வரை தேவையில்லையே. கழித்து உன் படத்துக்குப் பின்னால் செருகியதை யாரும் திரும்பச் சேர்க்கவில்லை.

"இது முழுக்கட்டு இல்லடி. ஆர் வைச்சாலும் சரிவராது" என்று அந்தச் சின்னச் சீட்டுகளை எடுத்துக் காட்டினேன். அவளுக்கு மூச்சு வந்தது. கட்டோடு சேர்க்கப் போன என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணா. முழுக்கட்டிலயும் வராட்டி நான் என்ன செய்யிற?"

நான் அந்தச் சீட்டுகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். நீயென்றால் என்ன சொல்லியிருப்பாய்?

அந்தக் குறைக்கட்டையே கலைத்துக் கலைத்து வைக்கிறாள். சரிவராது என்று தெரிந்துதான் வைக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான்.

சின்னச் சீட்டுகள் என் சட்டைப் பையில் இருக்கின்றன. சுதன் வந்து கைநீட்டிக் கேட்கும்வரை எவருக்கும் கொடுக்கமாட்டேன். இது உனக்குத் தரும் சத்தியம்.

கடலைப் பார்த்தபடி நிற்கும்,
உன் பிள்ளையின் தாய்மாமன்