கண்ணை மூடினால் சாய்கிறேன்

1936 பெப்ரவரி 4, செவ்வாய்
காய்ச்சல் விட்டபின் இன்றுதான் தறியில் உட்கார்ந்தேன். தறிச் சத்தம் தூரத்தில் கேட்பது போல இருக்கிறது. கிணற்றடியில் தலைக்கு ஊற்றக் கண்ணை மூடினேன் — அப்படியே சாய்ந்துவிட்டேன். பலவீனம் என்கிறாள் என் மனைவி றஸீனா. மறுபடியும் கஞ்சி. எத்தனை நாளைக்குத்தான் கஞ்சி?

பெப்ரவரி 8
பகலில் ஒழுங்காக நடக்கிறேன். பொழுதுபட்டால் கால் தரையைத் தேடுகிறது. மஃரிபு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வரும் வழியில் ஒழுங்கையின் இரு பக்கத்தையும் தள்ளாடி அளந்துகொண்டு வந்திருக்கிறேன். அதை உசனார் மச்சான் கண்டுவிட்டார். அவர் மகனுக்குத்தான் எங்கள் மகள் சபூராவைப் பேசியிருக்கிறது. காண்பதற்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா?

பெப்ரவரி 11
நான் புடவை விற்க வவுணதீவுக்குப் போய்க் கள்ளுக் குடித்துவிட்டு வருகிறேனாம். சம்பந்தப் பேச்சை உசனார் நிறுத்திவிட்டார். கள் என் நாக்கில் பட்டதே இல்லை. யாரிடம் போய் வாயை ஊதிக் காட்டுவது? சபூரா என் பக்கம் பாராமல் நூல் சுற்றுகிறாள்.

பெப்ரவரி 15
ஆஸ்பத்திரி அப்போதிக்கரி கனகசிங்கத்தாரிடம் காட்டினேன். "நிக்கிறதுக்குக் கண்ணும் வேணும், காதும் வேணும், உள்ளங்காலும் வேணும். காதுக்குள்ள இருந்த தராசு காய்ச்சலோட போயிற்று. இருட்டில எதையாவது தொட்டுக்கொண்டு நில்லுங்க" என்றார். மருந்து இல்லையாம்.

வீட்டில் சுவரில் ஒரு விரலை வைத்துக் கண்ணை மூடினேன். நின்றேன். பாரம் சுவரில் இல்லை, சும்மா தொட்டேன், அவ்வளவுதான். நான் எங்கே நிற்கிறேன் என்று அந்த விரல் சொல்லிவிடுகிறது போல. அப்படியானால் பள்ளியில் இதுவரை விழாமல் தொழுதது பக்கத்தில் நிற்பவர்களின் தோள் பட்டதாலா?

பெப்ரவரி 21, வெள்ளி
விடியுமுன் சுபஹு தொழப் பள்ளிக்குப் போனேன். வரிசையில் என் இரு பக்கமும் இடைவெளி. தொழுகை வரிசையில் இடைவெளி விடக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் குடிகாரனோடு முட்ட யாருக்கு மனம் வரும்? விளக்கும் அணைந்துபோயிற்று. குனிந்து நிமிர்ந்தபோது விழுந்தேன். யாரோ 'சீ' என்றார்கள். களைத்துப் போனேன், யா அல்லாஹ்.

பெப்ரவரி 22
இனி வீட்டில்தான் தொழுகை. சுவரோரமாக.

மார்ச் 12
றஸீனா உசனாரின் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மத்தியானம் உசனார் வந்தார். நான் விடுபட்ட நோன்பொன்றைப் பிடித்திருந்தேன், விடியலிலிருந்து வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. அதை அவரிடம் சொன்னேன். "கண்ண மூடுங்க மச்சான்" என்றார். மூடினேன். விழுமுன் பிடித்துக்கொண்டார். சற்று நேரம் என்னை விடவில்லை. பிறகு போய்விட்டார்.

மார்ச் 13, வெள்ளி
சுபஹுக்கு உசனார் வாசலில் வந்து கூப்பிட்டார். எல்லோரும் பார்க்க என்னை வரிசையில் நிறுத்தி, வலப்பக்கம் அவர் நின்றார். இடப்பக்கம், சபூராவுக்குப் பேசிய தன் மகனை நிறுத்தினார். இரண்டு தோளும் என்னோடு நன்றாகப் பட்டன. விழவில்லை.

வீட்டுக்கு வந்தேன். சபூராவிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், தேத்தண்ணி கேட்டேன்.