தூசு படாத தோட்டம்

இன்று காலை மீன் தொட்டியில் கத்தரித்த செடிகளை அள்ளியபோது, ஈரப் பாசியின் வாசனை கையில் ஒட்டிக்கொண்டது. உன் திருவொற்றியூர் வீட்டு முன்னறை அப்படியே கண்முன் வந்தது.

ராயபுரத்து இறால் கம்பெனியில் நாம் பக்கத்துப் பக்கத்தில் நின்று இறால் உரித்தவர்கள். சிறுநீரகம் கெட்டு வேலையை விட்டபின், நீ ஜன்னலில் ரோஜா வைத்தாய். துறைமுகத்திலிருந்து பறந்து வந்த நிலக்கரித் தூசு இலைகளைக் கறுப்பாக்கியது. துடைத்துத் துடைத்து அலுத்துப்போய் ஒருநாள், "தண்ணிக்குள்ள செடி வெச்சா தூசு படாதுல்லடி" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கொளத்தூர் மீன் கடைத் தெருவுக்குப் போய், செடிகளும் சில மீன்களும் வாங்கி, கண்ணாடித் தொட்டியை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். மண் பரப்பி, மேலே மணல் போட்டு, ஒவ்வொரு வேரையும் இடுக்கியால் நீயே ஊன்றினாய். செடி சீக்கிரம் வளரட்டும் என்று விளக்கை நாள் முழுக்க எரியவிட்டோம். வளர்ந்தது பாசிதான். தண்ணீரே பச்சையாகி மீன்கள் மறைந்தன. உன் வீட்டுக்காரர், "கலீஜா கீது, கொட்டிடு" என்றார். நீ கண்ணாடியைச் சுரண்டினாய். தண்ணீரை மாற்றினாய். மறுபடி பச்சையானது.

பிறகு அந்தப் புயல். மின்சாரம் போய், தொட்டிக்குள் காற்று விடும் மோட்டார் நின்றது. தெருத் தண்ணீரில் நடந்து நான் வந்து சேர்ந்தபோது, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தன. நீ தொட்டித் தண்ணீரை மக்கில் மொண்டு, காற்றுக் கலக்கட்டும் என்று உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தாய். உனக்குக் குடிக்க டாக்டர் அளந்துதான் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார். உதடு வெடித்திருந்தது.

"தண்ணியக் கையில வெச்சுகினு கீறியே, தாகமா இல்லியாடி?"

"கீதுதான். அதுக்கு இன்னா பண்றது? இதுங்களுக்கு மூச்சு முட்டுது பாரு."

மக்கை நான் வாங்கிக்கொண்டேன். என் கை ஓய்ந்தபோது உன் வீட்டுக்காரர் வந்து வாங்கினார். மின்சாரம் வரும்வரை, நாள் கணக்கில், மூவரும் மாறி மாறி ஊற்றினோம்.

விளக்கு எரிந்தபோது நம்ப முடியவில்லை. பச்சை போயிருந்தது. இருட்டில் பாசி செத்து அடியில் படிந்திருந்தது. செடிகள் கொஞ்சம் வாடியிருந்தன, அவ்வளவுதான். அடியிலிருந்த அழுக்கை டியூபால் உறிஞ்சி எடுத்துவிட்டு நீ சொன்னாய்: "வெளிச்சத்தக் கொட்டி நாமளே அதுக்குச் சோறு போட்டுகினு இருந்திருக்கோம்."

அந்தத் தோட்டம் செழித்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனாய். உன் காரியமெல்லாம் முடிந்தபின் உன் வீட்டுக்கார அண்ணன் தொட்டியை என்னிடம் கொண்டுவந்தார். "அவ இல்லாத வூட்ல இதப் பாக்க முடியலம்மா" என்று வைத்துவிட்டு, உட்காராமல் போய்விட்டார்.

இப்போதும் எப்போதாவது தண்ணீர் பச்சையாகும். விளக்கை அணைத்து, துணி போர்த்தி, மோட்டாரை மட்டும் ஓடவிட்டுக் காத்திருப்பேன். உள்ளே என்ன ஆகிறதோ என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனாலும் துணியை விலக்க மாட்டேன். அந்தப் பொறுமை எனக்கு உன் வீட்டில் வந்தது.

போன முறை அப்படிப் போர்த்தியிருந்தபோது அண்ணன் வந்தார். "தொறக்கலாமா?" என்றார். "இன்னும் ரெண்டு நாள் போவட்டுண்ணே" என்றேன். தலையாட்டிவிட்டுத் தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நீ போனபிறகு முதல்முறையாக, உன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.