மேட்டுக்காட்டில் போடாத யூரியா

அன்பு அக்கா,

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். நீ கண்ணை மூடி ஒரு வருசம் ஆகிறது. சண்டை போடக்கூட ஆளில்லாமல் கிடக்கிறேன்.

மேட்டுக்காட்டுக்கு இயற்கை விவசாயச் சான்று வாங்க மூன்று வருசம் பாடுபட்டோமே, அதைச் சோதிக்க போன வாரம் ஓர் அதிகாரி வந்தார். ராகி கதிர் பிடித்து நின்றது. ஊடுபயிராக அவரைச்செடியும் தட்டைப்பயறும் போட்டிருந்தேன். மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்றார். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"இந்தப் பட்டத்துக்கு என்ன உரங்க போட்டீங்க?" என்று உன் கொழுந்தனைப் பார்த்துக் கேட்டார். பட்டா அவர் பேரில்தானே இருக்கிறது, என்னை எதற்குக் கேட்பார்? வரப்பில் ஊர்க்காரர்கள் நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ரெண்டு மூட்டை யூரியா போட்டேங்க. போடாம எப்படிங்க வெளையும்?" என்றார்.

அடப்பாவி மனுசா! உரம் வாங்க வக்கில்லாதவன் என்று அந்த நாலு பேர் நினைத்துவிடக் கூடாதாம். மூட்டை வாங்கினதும் இல்லை, போட்டதும் இல்லை. சாணி கரைத்து, வேப்பிலையும் நொச்சியும் இடித்து, மேடேறிச் சுமந்து ஊற்றியது நீயும் நானும், நீ போன பிறகு நான் மட்டும். பொம்பளை ஏரைத் தொடக் கூடாது என்பதால் உழவு அன்றைக்கு மட்டும் அவர் காட்டுக்கு வருவார்.

நான் வாயைத் திறக்கவில்லை அக்கா. வெளியாள் முன்னால் புருசனைப் பொய்யனாக்கலாமா? அதிகாரி அதை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

தப்பு நம்முடையதும்தான். "ஆம்பளைங்ககிட்ட கேட்டா காரியம் நடக்காது புள்ள. கம்முனு செஞ்சுட்டு அவங்க பேரைப் போட்டுரலாம்" என்பாய். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். இப்போது நம் வேலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருக்கோ அதில் ஒன்றும் தெரியாது.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"இப்போ என்னாத்துக்குடி குதிக்கிற? ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"அப்போ போயி மாத்திச் சொல்லுங்க."

"சொன்னதை மாத்திச் சொல்ல நான் என்ன பொம்பளையா?"

சான்று கிடைக்காவிட்டால் காட்டைத் தக்காளிக்குக் குத்தகைக்கு விடுகிறாராம். அப்புறம் பூச்சிமருந்து அடிக்காத வாரமே இருக்காது. மூன்று வருசம் கழித்து இப்போதுதான் மண்புழு தலைகாட்டுகிறது. அதுவும் போச்சு.

சொன்னால் வீடு போகும், சொல்லாவிட்டால் காடு போகும். எங்கே போய் முட்டிக்கொள்வேன்? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? நீயும் கம்மென்றுதான் இருந்திருப்பாயோ? அதை நினைத்தால் உன் மேல்கூட ஆத்திரம் வருகிறது.

வெள்ளிக்கிழமை அந்த அதிகாரி ஏரியூரில் விவசாயிகள் கூட்டத்துக்கு வருகிறாராம். நான் பஸ் ஏறிப் போகப்போகிறேன். என் புருசன் சொன்னது பொய், உழைத்தது நானும் என் அக்காவும் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. சொல்லிவிட்டு நான் இந்த வீட்டுக்குத்தான் திரும்பி வர வேண்டும், அவருக்குத்தான் சோறாக்க வேண்டும். ஆனாலும் போவேன் அக்கா.

உன் ஓரகத்தி,
சின்னவள்