இரண்டு தட்டு

செப்டம்பர் 5, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு 28 டிகிரி, தென்மேற்குக் காற்று, மேகம் பாதி வானம். எங்கள் ஊரான ஹெங்சுன் வானிலை நிலையத்திலிருந்து நான் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. இன்னும் இதை எழுதாமல் நாள் தொடங்குவதில்லை.

இன்று ஒன்பது முறை எனக்கு வலது கால் போனது. ராணுவ மருத்துவ உதவியாளர்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் சேர்ந்து படிக்கும் பள்ளியில், செவ்வாய்தோறும் காயம்பட்டவனாகப் படுத்துக்கிடப்பது என் வேலை. அவர்கள் என் தொடையில் இறுக்குப் பட்டையைக் கட்டி, அதில் கோத்திருக்கும் குச்சியைத் திருகி ரத்தத்தை நிறுத்த வேண்டும். வலி தாங்காவிட்டால் நான் தரையை இரண்டு தட்டு தட்டுவேன், அவர்கள் விட்டுவிடுவார்கள். நான் சேர்ந்த நாள் முதல் இதுதான் ஏற்பாடு.

சிவப்புச் சாயத்தை ஊற்றும்போது ஒருவன், "பெரியப்பா, இது ரத்தமா, நீங்க துப்பின வெத்தலையா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

கடைசியாக வந்தவள் சார்ஜென்ட் யா-ருங். இருபத்தாறு வயது இருக்கலாம். இரண்டாவது சுற்றிலேயே தட்டினேன். அவள் விடவில்லை. மூன்று. மூன்றரை. ஒரு விரலை என் பாதத்தின் மேல் வைத்து நாடியைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

"இன்னும் துடிக்குது பெரியப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

கத்திவிட்டேன். பயிற்சியாளர் லுவோ ஓடிவந்து பட்டையை அவிழ்த்தார்.

"கிழவர் போய்ச் சேர்ந்துட்டா அவங்க வீட்டம்மாவுக்கு நீயா பதில் சொல்லுவே? தட்டினா விட்டுடணும். எத்தனை தடவை சொல்றது?"

பயிற்சிக்கு வருபவர்களின் பெயர்களை எழுதிவைக்கும் என் குறிப்பேட்டில்: யா-ருங், 3½ சுற்று. தட்டியும் நிறுத்தவில்லை. கடுமை.

செப்டம்பர் 12, செவ்வாய்

யா-ருங் மறுபடியும் வந்தாள். இரண்டு சுற்று, தட்டினேன், உடனே கையை எடுத்துவிட்டாள். "நாடி பாக்கட்டுமா சார்?" என்று மட்டும் லுவோவிடம் கேட்டாள்.

"தட்டியாச்சுன்னா நின்னுடுச்சுன்னு வெச்சுக்கோ. இன்னும் பதினாலு பேர் வரிசையில நிக்கறாங்க."

குறிப்பேட்டில் 'நல்ல கை' என்று எழுதினேன். அவளிடமும் சொன்னேன். தலை குனிந்து நன்றி சொன்னாள்.

செப்டம்பர் 19, செவ்வாய்

தொடையில் நீலம் பாரித்திருக்கிறது. என் மனைவி சுயி-லியென் பார்த்துவிட்டு, "நடிக்கப் போறேன்னு கிளம்பிப் போயி நிஜமாவே அடி வாங்கிட்டு வர்ற ஆள் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள். நாற்பத்து நான்கு வருடமாக இவளுக்கு என்னிடம் சொல்லிச் சிரிக்க ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் 17, செவ்வாய்

லுவோ இன்று பயிற்சியை நடத்தவில்லை. என்னை வண்டிகள் நிற்கும் இடத்துக்குத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார்.

போன வியாழக்கிழமை ஒரு முகாமில், சேற்றில் சிக்கிய லாரியை இழுக்கும்போது இரும்புக் கயிறு அறுந்து ஒரு வீரனின் தொடையைக் கிழித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் யா-ருங். அரை நிமிடத்துக்குள் பட்டையைக் கட்டிவிட்டாள். குச்சியைத் திருகினாள். ஒன்று, இரண்டு. வலியில் அந்தப் பையன் தரையை அறைந்திருக்கிறான்.

அவள் நிறுத்திவிட்டாள்.

ரத்தம் நிற்கவில்லை. கால்சட்டைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆறு நிமிடம் கழித்து வந்த ஆம்புலன்ஸ்காரர்தான் கவனித்து மறுபடி இறுக்கினார். பையனுக்கு இன்னும் நினைவு வரவில்லை.

"ஏன் நிறுத்தினேன்னு அவளுக்கே சொல்லத் தெரியல பெரியப்பா" என்றார் லுவோ.

எனக்குத் தெரியும்.

அக்டோபர் 18, புதன்

வெப்பநிலை பார்க்கவில்லை.

குறிப்பேட்டை எண்ணினேன். இந்த வருடம் நாற்பத்தொரு பேர். முப்பத்தெட்டுப் பேர் என் தட்டலுக்கு இரண்டாவது சுற்றிலேயே நிறுத்தியவர்கள். அவர்களில் ஒருவர்கூட நாடியைப் பார்த்ததாக என் குறிப்பில் இல்லை. மூன்று பேர் தட்டிய பிறகும் திருகியவர்கள். அந்த மூன்று பெயர்களுக்கு எதிரிலும் 'கடுமை' என்று என் கையெழுத்து. முதல் நாள் யா-ருங் அவர்களில் ஒருத்தி.

முதல் நாள் அவள் சரியாகத்தான் செய்தாள். அதைத் தப்பு என்று சொன்னவன் நான்.

அவ்வளவு வலித்ததா? உண்மையாகவா? இல்லை, வலிக்கப் போகிறது என்ற பயத்தில் முன்கூட்டியே தட்டினேனா?

அக்டோபர் 20, வெள்ளி

லுவோ ஒரு பை நிறையச் சீமைப் பனிச்சம்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"விசாரணை வெச்சிருக்காங்க. பயிற்சியில என்ன நடந்துச்சுன்னு கேப்பாங்க. உங்க நோட்டு என்கிட்ட இருக்கட்டும் பெரியப்பா. உங்களை ஏன் இதுல இழுக்கணும்? இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"யா-ருங்குக்கு என்ன ஆகும்?"

"மருத்துவப் பணியிலேர்ந்து எடுத்துடுவாங்க. சின்னப் பொண்ணு, வேற வேலை பாத்துக்கும். எனக்கு ஓய்வுக்கு இன்னும் ரெண்டே வருஷம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. மழையில் எத்தனையோ முறை என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். என்னால் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் குறிப்பேடு அவர் கையில் இருந்தது. நானேதான் கொடுத்தேன்.

அக்டோபர் 21, சனி

சாப்பிடப் பிடிக்கவில்லை. சுயி-லியெனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன்.

"நோட்டைக் குடுத்துட்டீங்க, சரி. அலமாரியில இருக்கறது என்ன?"

நிலையத்து வழக்கம். களத்தில் பென்சிலில் எழுதுவதை அன்று மாலையே மையில் படி எடுக்க வேண்டும். முப்பத்து நான்கு வருடம் காற்றுக்கும் மழைக்கும் செய்ததை இந்தக் குறிப்பேட்டுக்கும் செய்து வந்திருக்கிறேன். நாற்பத்தொரு பெயரும் அதில் இருக்கின்றன. லுவோவுக்கு அது தெரியாது. எனக்கு மறந்துபோகவில்லை. குறிப்பேட்டைக் கொடுத்தபோதே நினைவிருந்தது. இல்லாததுபோல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன்.

அக்டோபர் 24, செவ்வாய்

மலையிலிருந்து இறங்கும் காற்று தொடங்கிவிட்டது. ஜன்னல்கள் ஓயாமல் அடித்துக்கொள்கின்றன. பயிற்சிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சுயி-லியெனைச் சொல்லச் சொன்னேன். காய்ச்சல் இல்லை.

விசாரணை 31ஆம் தேதி.

போகலாமா. என்னை யாரும் அழைக்கவில்லையே. அழைக்காத இடத்துக்கு ஒரு கிழவன் எப்படிப் போவது? வாசலிலேயே நிறுத்திவிட்டால்? நிறுத்திவிட்டால் நல்லதுதானே என்றும் தோன்றுகிறது. சீ.

அக்டோபர் 31, செவ்வாய்

வாசலில் நிறுத்தத்தான் செய்தார்கள். ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு ஒரு பெண் அதிகாரி வெளியே வந்து, கையில் என்ன என்று கேட்டார். உள்ளே கூட்டிப்போனார்.

யா-ருங் சுவரோரம் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். லுவோ என் கையிலிருந்த மைப் பிரதியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். நிதானமாக. செப்டம்பர் 5இல் நின்றார்.

"தட்டியும் நிறுத்தலைன்னு எழுதியிருக்கீங்க. அப்போ இவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்க?"

"என் பாதத்துல நாடி பாத்துட்டிருந்தா. இன்னும் துடிக்குதுன்னு சொன்னா."

"துடிச்சுதா?"

"துடிச்சுது."

"பிறகு ஏன் தட்டினீங்க?"

நிறையச் சொல்ல வேண்டும் என்று வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"பயந்துட்டேன். இவ சரியாத்தான் பண்ணா. நாந்தான் இவளுக்குத் தப்பாப் பழக்கி விட்டேன். 'நல்ல கை'ன்னு வேற சொன்னேன்."

யா-ருங் அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கோபமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

நவம்பர் 14, செவ்வாய்

பையனுக்கு நினைவு வந்துவிட்டது. அவன் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். முதலிலேயே சரியாக இறுக்கியிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று மருத்துவமனையில் அவனுடைய மருத்துவரிடம் கேட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

நவம்பர் 23, வியாழன்

பள்ளியிலிருந்து தொலைபேசி. தரையைத் தட்டும் ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். இனி நாடி நின்றதைச் சொன்ன பிறகுதான் அவிழ்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு மருத்துவர் நிற்பார். லுவோவைப் பள்ளிக் கிடங்கின் பொறுப்புக்கு மாற்றிவிட்டார்கள். யா-ருங் மறுபடி முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும். பணியில் இருக்கிறாள்.

வயதானவர்கள் இனி காயம்பட்டவராகப் படுக்க வரவேண்டியதில்லை, விருப்பம் இருந்தால் மட்டும் என்றார்கள். மருத்துவர் என்னைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம்.

கிடங்கு வாசலில் லுவோவைப் பார்க்க நேரிடுமே.

டிசம்பர் 5, செவ்வாய்

காலை ஏழு மணிக்கு 19 டிகிரி, வடகிழக்குக் காற்று பலமாக.

மருத்துவர் நெஞ்சைச் சோதித்துவிட்டு, "வேணாம்னு சொல்ல இன்னும் நேரம் இருக்கு ஐயா" என்றார். படுத்துக்கொண்டேன். லுவோ காலையில் என்னைக் கடந்துபோனார். வணக்கம் சொன்னேன். அவர் கிடங்குச் சாவியைத் துழாவியபடி நடந்துவிட்டார்.

முதல் ஆள் யா-ருங். பட்டையைக் கட்டினாள்.

ஒன்று. இரண்டு.

கை தானாகத் தரையைத் தேடியது. இரண்டு கைகளையும் முதுகுக்கு அடியில் திணித்து அவற்றின் மேல் படுத்துக்கொண்டேன்.

மூன்று. பாதத்தில் அவள் விரல்.

"இன்னும் துடிக்குது."

"தெரியுது" என்றேன். "திருகும்மா."

கண்ணில் நீர் வந்தது. வானம் மட்டும் தெரிந்தது, மேகம் கால்பங்கு. அவள் திருகினாள். விரலை எடுக்கவில்லை. காற்றுச் சத்தத்தில் அவள் மூச்சு கேட்டது.

"நின்னுடுச்சு" என்றாள்.

மைப் பிரதி: யா-ருங். 9.42 கட்டியது. 4 சுற்று. 9.43 நாடி இல்லை.

'கடுமை', 'நல்ல கை' என்றெல்லாம் எழுதிவந்த கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.